நிமிடத்துக்கு ஒன்பது சொட்டு

மார்ச் 3

கூலர் ஒழுகுகிறது. மெக்கானிக்கிடம் சொன்னேன். "நாளைக்கு வரேன் மேடம்" என்றார். நான் இந்தப் பாலைவன ஆராய்ச்சிக் களநிலையத்துக்கு வந்த நாளிலிருந்து அவர் வாயில் வேறு சொல் வந்ததில்லை. இனி இந்த நோட்டில் அவர் பெயர் 'நாளைக்கு'.

மார்ச் 4

இதை அலுவலகப் பதிவேட்டில் எழுத முடியாது. எங்கேயாவது எழுதாமலும் இருக்க முடியாது.

காலை பத்தரை மணி. புதர்க்காட்டில் செடி எண்ணிக்கொண்டிருந்தேன். கண்ணுக்கு எட்டிய வரைக்கும் மணலும் முழங்கால் உயரப் புதரும்தான். கழிப்பறை பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி. கூட வரும் ஆண்களுக்குக் கவலையில்லை, நின்ற இடத்தில் திரும்பிக்கொள்வார்கள். நான் இடுப்பளவு வளர்ந்த ஒரு புதரைத் தேடிப் போய் ஒதுங்கினேன். உட்கார்ந்து நிமிர்ந்தால் மூக்குக்கு நேரே ஒரு மொட்டு. மொட்டின் இடுக்கில் குண்டூசித் தலையளவு வெள்ளைப் பொத்தான். முட்டை. பக்கத்து மொட்டில் இன்னொன்று. அதற்கடுத்ததிலும்.

வந்த வேலையை மறந்துவிட்டேன் என்று எழுதினால் பொய். முடித்துவிட்டுத்தான் கத்தினேன்.

கத்தக் காரணம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்னால், இந்தக் காட்டின் நடுவே சாலை போடலாமா என்று எங்களைக் கேட்டார்கள். இங்கே ஒரு குட்டி வண்ணத்துப்பூச்சி உண்டு. சுண்டுவிரல் நகம் அகலம். மூடினால் மண் நிறம், இறக்கையைத் திறந்தால் மட்டும் ஊதா. அபூர்வமானது. அது இங்கேயே முட்டையிட்டுப் பெருகுகிறதா, காற்றில் அடித்துக்கொண்டு வந்து போகிறதா என்பதுதான் கேள்வி. மூன்று மாதம் நடந்துவிட்டு நான் எழுதிக் கொடுத்தேன்: 'வந்து போகும் பூச்சி. இங்கே இனப்பெருக்கம் இல்லை.' அடியில் என் கையெழுத்து, அழகாக, சுழித்து. அதை நம்பித்தான் சாலைக்கு அனுமதி கொடுத்தார்கள்.

மூன்று மாதமும் வலையைத் தோளில் சாத்திக்கொண்டு, படை நடத்துகிற மாதிரி, நெஞ்சை நிமிர்த்தி நடந்தோம். ஒருத்தராவது குனிந்தோமா? ஆராய்ச்சி முழுக்க நின்றுகொண்டே நடந்திருக்கிறது.

மார்ச் 5

நிலைய இயக்குநரிடம் சொன்னேன். முட்டையை எப்படிப் பார்த்தீர்கள் என்று கேட்டார். உட்கார்ந்து பார்த்தேன் என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை, நல்ல மனிதர்.

ஆனால் முட்டை செல்லாதாம். எங்கும் பறக்கிற ஒரு சாதாரண நீலப்பூச்சியும் இதே புதரில் இதே மாதிரிப் பொத்தான் வைக்கும். புழுவும் ஒரே ஜாடை. இறக்கையைப் பார்த்தால்தான் இன்னார் பிள்ளை என்று சொல்ல முடியும். ஜூன் 10 சாலைக்கான கடைசி ஆய்வுக் கூட்டம். மறுநாள் இயந்திரங்கள் இறங்கிவிடும். "அதுக்குள்ள பூச்சியாக்கிக் காட்டுங்க. இல்லைன்னா உங்க பழைய கையெழுத்துதான் பேசும்" என்றார்.

ஏழு முட்டைகளை மொட்டோடு கிள்ளிக்கொண்டு வந்தேன்.

கூலர் ஒழுகுகிறது.

மார்ச் 9

பொரிந்துவிட்டது. புழு கண்ணுக்கே தெரியவில்லை, மொட்டில் ஓட்டை மட்டும் தெரிகிறது. உள்ளே புகுந்து அடைத்துக்கொண்டு தின்கிறது. கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி இப்படித்தான் பண்டம் தின்பாள்.

மார்ச் 13

அக்கா போன் செய்தாள். அவள் பள்ளித் தலைமையாசிரியை, வீட்டில் உள்ளவர்களிடமும் வருகைப் பதிவு எடுக்கிறவள். ஞாயிற்றுக்கிழமை ஏன் வரவில்லை என்று கேட்டாள். புழுவுக்கு மூன்று மணிக்கொரு முறை புது மொட்டு வைக்க வேண்டும் என்றேன்.

"எனக்கு ரெண்டு பிரசவம் ஆச்சு. ஒருநாள் கூட லீவு போட்டு வந்து நிக்கலை நீ."

உண்மைதான். புழு நல்லாயிருக்கு அக்கா என்றேன். வைத்துவிட்டாள்.

மார்ச் 16

ஏழு ஆறாகிவிட்டது. ஆறில் ஒன்று சந்தேகத்துக்கு இடமான வகையில் குண்டாக இருக்கிறது. தனித்தனி டப்பாவில் பிரித்துவிட்டேன்.

மார்ச் 19

மேசை மேல் எறும்பு வரிசை. நேரே டப்பாக்களுக்குள் போகிறது. பிள்ளைகளைத் தின்ன வந்துவிட்டார்கள் என்று எறும்பு சாக்பீஸால் சுற்றிக் கோடு கிழித்தேன். அப்புறம்தான் உள்ளே மாட்டிக்கொண்ட ஓர் எறும்பை லென்ஸில் பார்த்தேன். கடிக்கவில்லை. புழுவின் முதுகில் மெல்லத் தட்டுகிறது. புழு பின்பக்கத்திலிருந்து ஒரு துளி இனிப்பை எடுத்து நீட்டுகிறது. எறும்பு நக்கிவிட்டு அங்கேயே காவலுக்கு நின்றுவிட்டது.

ஆக, அரை சென்டிமீட்டர் உடம்பை வைத்துக்கொண்டு இது அடியாள் வைத்திருக்கிறது. சம்பளம் பின்வழியாக.

சாக்பீஸ் கோட்டை ஈரத்துணியால் துடைத்தேன். எறும்புகளிடம் மன்னிப்பும் கேட்டேன். அந்த நேரம் பார்த்துத்தானா இயக்குநர் உள்ளே வர வேண்டும்?

மார்ச் 27

ஐந்து கூட்டுப்புழுக்கள். (ஆறாவது, அந்தக் குண்டு, பாதியில் கறுத்துச் செத்துப்போனது. வருத்தப்பட முயன்றேன்.) பழுப்பு நிறம், உளுந்தம்பருப்பு அளவு. எறும்புப் புற்றின் ஓரமாக மண்ணுக்குள் தூங்க வேண்டிய பருவம் இது. நான் ஐந்து டப்பாவில் மணல் பரப்பி, வலைமூடி போட்டு, நம்பர் ஒட்டி, ஒழுகுகிற கூலருக்கு எட்டாத மேல் அலமாரியில் ஏற்றிவிட்டேன். என் செருப்பு டப்பா, அக்கா கொடுத்த கைப்பை, எல்லாவற்றையும் குடைந்து, ஈரம் உறிஞ்சும் குட்டிப் பொட்டலங்களைப் பொறுக்கி டப்பாவுக்கொன்றாகப் போட்டேன். பாலைவனப் பூச்சிக்கு ஈரம் ஆகாதே. நோட்டீஸ் ஒன்றும் எழுதி ஒட்டினேன்: 'ஈரக் கையால் தொடாதீர்.'

அந்த நீலப்பூச்சிக்குப் பத்து நாள் என்று புத்தகத்தில் இருக்கிறது. இதற்கும் ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும்.

ஏப்ரல் 7

பதினோராம் நாள். ஒன்றுமில்லை.

ஏப்ரல் 8

ஒன்றுமில்லை.

ஏப்ரல் 21

ஒன்றுமில்லை. நாளைக்கு வந்தார். ஸ்பேனர் மறந்துவிட்டதாகச் சொல்லிப் போய்விட்டார்.

மே 6

சாலைப் பொறியாளர் வந்திருந்தார். இந்த வெயிலிலும் சட்டையில் ஒரு சுருக்கம் விழாத மனிதர். எங்கள் மத்தியில் அவர் இஸ்திரி. கெட்டவர் இல்லை, அதுதான் கஷ்டம். டப்பாக்களை எட்டிப் பார்த்து, தூங்குதா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். பிறகு வரைபடத்தை விரித்தார். என் புதர் மேல் ஒரு நேர்க்கோடு. இந்தச் சாலை வந்தால் காட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அக்கரை ஊர்க்காரர்களுக்கு ஒன்றரை மணி நேரம் மிச்சமாம். மெக்கானிக் நாளைக்கும் அக்கரைக்காரர்தான். தினம் மூன்று பஸ் மாறி வருகிறாராம், இன்றுதான் கேள்விப்படுகிறேன்.

மே 14

எதைத் தொட்டாலும் அசைவில்லை. நிறம் மங்கிவிட்டது. சுரண்டிப் பார்த்தால் பொடி உதிர்கிறது. நாற்பத்தெட்டு நாள். பதிவேட்டில் எழுதினேன்: '1 முதல் 5 வரை: இறந்தது.' கையெழுத்தும் போட்டேன். சுழிக்கவில்லை.

ஒரே காட்டைப் பற்றி இரண்டு கையெழுத்து. முதலாவதில் இல்லை என்றேன், இரண்டாவதில் செத்துவிட்டது என்றேன். அலமாரி தணிக்கைக் கோப்புகளுக்கு வேண்டுமாம். டப்பாக்களை வாரி ஓர் அட்டைப்பெட்டியில் போட்டுக் கூலர் மேசைக்கு அடியில் தள்ளினேன். பொட்டலங்களை எடுத்து அக்காவின் கைப்பையில் திருப்பிப் போட்டேன். குப்பையில் போட மனசு வரலை. ஏன்னு கேட்காதே.

மே 15

அக்காவிடம் சொன்னேன். கிண்டல் செய்வாள் என்று நினைத்தேன். ஞாயிறு நான் அங்கே வரட்டுமா என்று கேட்டாள். அழுதுவிட்டேன். பூச்சிக்காகத்தானா என்று கேட்டாள். தெரியலை அக்கா.

ஜூன் 1

வரிசையாக எழுத வேண்டும்.

காலையில் ஓர் அதிசயம்: நாளைக்கு வந்தார். ஸ்பேனரோடு வந்தார். கூலரை நகர்த்தி, மூன்று மாத ஒழுகலை இருபது நிமிடத்தில் நிறுத்திவிட்டார். நான் தேநீர் போட்டுக்கொண்டு வந்தபோது கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உள்ள அந்துப்பூச்சி வந்துடுச்சு மேடம். கூலர் தட்டி மேல ஒண்ணு உட்கார்ந்திருந்தது. அடிச்சுட்டேன்."

எங்கே என்று கேட்டேன். உள்ளங்கையைக் காட்டினார். கொஞ்சம் பழுப்புத் தூள். ரேகைக்குள் கொஞ்சம் ஊதா.

மேசைக்கு அடியில் அட்டைப்பெட்டி நனைந்து தொங்கிப்போயிருந்தது. சொட்டு நேராக அதற்குள்தான் விழுந்திருக்கிறது. இரண்டாம் நம்பர் டப்பாவின் வலைமூடி ஈரத்தில் நெகிழ்ந்து திறந்திருந்தது. உள்ளே கூட்டுப்புழு இல்லை, அதன் தோல் மட்டும் கண்ணாடிக் காகிதம் மாதிரிப் பிளந்து கிடந்தது.

சாகவில்லை. ஒன்றும் சாகவில்லை. மழைக்குக் காத்திருந்திருக்கிறது! மழை பெய்தால்தான் புதர் மொட்டு விடும். மொட்டு விட்டால்தான் பிள்ளைகளுக்குச் சோறு. அது வரைக்கும் மண்ணுக்குள் கதவடைத்துக்கொண்டு கிடக்கும் ஜீவன். அதற்குத்தான் நான் செருப்பு டப்பாவிலிருந்து பொட்டலம் பொறுக்கிப் போட்டு, உலகத்திலேயே வறண்ட அலமாரியில் நாற்பத்தெட்டு நாள் உட்கார வைத்திருக்கிறேன். நான் படித்தவள், சான்றிதழ் இருக்கிறது.

நாளைக்கு என் முகத்தைப் பார்த்துவிட்டு, அது விலை அதிகமா என்று கேட்டார். அறைந்திருப்பேன். அறையவில்லை. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து மீதி நான்கையும் லென்ஸில் பார்த்தோம்.

ஜூன் 2

நானே தண்ணீர் தெளித்தால் போதாதா? போதலாம். கூடிப்போய்ப் பூஞ்சை பிடித்தால்? கையில் இருப்பது நான்கு, நாள் எட்டு. பலித்தது ஒன்றே ஒன்றுதான்: அந்தக் கூலர், அந்த ஒழுகல், அந்த இடம். நாளைக்கைக் கூப்பிட்டு, மறுபடியும் ஒழுக வைக்கச் சொன்னேன்.

"மூணு மாசமா ஒழுகுதுன்னு என்கிட்ட சண்டை. இப்ப ஒழுகலைன்னு சண்டை. உங்களுக்கு என்னதான் மேடம் வேணும்?"

உட்கார வைத்து எல்லாம் சொன்னேன். முட்டை, எறும்பு, மழை, என் கையெழுத்து. எங்கே பார்த்தேன் என்பதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப எங்க ஊருக்கு ரோடு வராதா?"

இதற்கு நான் தயாராக இல்லை. வரும், புதர்க்காட்டைச் சுற்றி வளைந்து வரும் என்றேன். நான் கேட்கப்போவது அதுதான்.

"வளைஞ்சா எவ்ளோ நேரம் கூடும்?"

"அஞ்சு நிமிஷம்."

"அஞ்சு நிமிஷத்துக்கா இவ்ளோ கூத்து?" என்றார். சட்டைப் பையிலிருந்து பழைய வாஷரை எடுத்தார். தூக்கிப் போடவில்லை மனிதர். மாட்டிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தபடி குந்தி உட்கார்ந்தார். கால் மணி நேரம் திருகைத் தளர்த்தியும் இறுக்கியும் பார்த்துவிட்டு, நிமிடத்துக்கு ஒன்பது சொட்டு, பழையபடி இருக்கிறது என்றார். ஒன்பது என்று எப்படித் தெரியும்? மார்ச்சிலேயே எண்ணிவிட்டாராம். எண்ணிவிட்டுமா மூன்று மாதம் வரவில்லை?

"எண்ணினதாலதான். ஒன்பது சொட்டுக்கு யாரு ஓடி வருவா?"

ஜூன் 4

ஒன்பது சொட்டு. நாளைக்கு தினமும் வருகிறார், நேரத்துக்கு வருகிறார். வேறு ஆள் பார்க்கிற மாதிரி இருக்கிறது.

ஜூன் 6

இயக்குநர் கூப்பிட்டார். பூச்சி வெளியே வந்தால் கூட்டத்தில் என்ன சொல்வதாக உத்தேசம் என்று கேட்டார். உண்மையை என்றேன். அவருக்கு ஒரு யோசனை: முதல் ஆய்வு சரிதான், பூச்சி அதற்குப் பிறகு புதிதாகக் குடியேறியிருக்கிறது என்று சொல்லலாம். நிலையத்துக்கும் கெட்ட பெயர் இல்லை, எனக்கும் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு கனிவாகச் சொன்னார்.

ஆசையாக இருக்கிறது. இல்லையென்று எழுதி என்ன பயன், இதை நான் மட்டும்தானே படிக்கிறேன்? ரொம்ப ஆசையாக இருக்கிறது.

ஜூன் 7

முதலாம் நம்பர். காலை ஏழு ஐம்பது.

கசங்கிய துணியாக வெளியே வந்தது. குச்சியில் ஏறித் தொங்கியது. இருபது நிமிடத்தில் இறக்கை நேரானது. இஸ்திரிக்கும் இவ்வளவு அழகாகப் போட வராது. ஒன்பது மணிக்கு, வெயில் பட்டதும் திறந்தது. ஊதா. அதே ஊதா. நாளைக்கு வலது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார்.

ஜூன் 9

மூன்றும் நான்கும் வந்துவிட்டன. ஐந்து அப்படியே கிடக்கிறது. நாளை கூட்டம். சொல்லும் வார்த்தை இன்னும் முடிவாகவில்லை.

ஜூன் 10

சொல்லிவிட்டேன்.

நீள மேசை. தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி அம்மா. இரண்டு பக்கமும் அதிகாரிகள். மூன்று பூச்சியும் கண்ணாடிப் பெட்டியில், என் மடியில். இஸ்திரி எழுந்து என் பழைய அறிக்கையைப் படித்தார். மரியாதையாகத்தான் படித்தார். பிறகு கேட்டார், ரெண்டு வருடம் முன்னால் இல்லாதது இப்போது எப்படி வந்தது, புதிதாக வந்ததா என்று. இயக்குநர் என்னைப் பார்த்தார். ஆமாம் என்று ஒரு சொல் போதும்.

ஆனால் புதிதாக வந்தது என்றால் அது விருந்தாளி. விருந்தாளியை அனுப்பிவிடலாம். அதை முதலிலேயே யோசித்திருக்க வேண்டும், அங்கே நின்றபோதுதான் உறைத்தது.

"புதுசா வரலை. எப்பவுமே இங்கதான் இருந்திருக்கு. எங்களுக்குத்தான் தெரியலை" என்றேன்.

ஏன் தெரியவில்லை என்று தலைவர் கேட்டார்.

"நின்னுக்கிட்டே தேடினோம் மேடம். முட்டை இருக்கிறது மொட்டோட இடுக்குல. உட்கார்ந்தாத்தான் கண்ணுல படும்."

"நீங்க எப்போ உட்கார்ந்தீங்க?"

பதினான்கு பேர். பத்துப் பேர் ஆண்கள். தண்ணீர் குடித்தேன்.

"ஒதுங்கப் போனப்போ."

யாரும் சிரிக்கவில்லை, அதுதான் கொடுமை. பிறகு தலைவர் அம்மாதான் முதலில் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். குறிப்பெடுப்பவரிடம், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், வார்த்தையை மாற்றாதீர்கள் என்றார். இஸ்திரி நாற்காலியில் குலுங்கினார். முதல் தடவையாக அவர் சட்டை கசங்கிப் பார்த்தேன்.

அதற்குப் பிறகுதான் ஈரம் உறிஞ்சும் பொட்டலக் கதையையும் கூலர் கதையையும் சொன்னேன். மானம் போனபின் மீதியைச் சொல்வது சுலபமாகத்தான் இருக்கிறது.

ஜூன் 24

இரண்டு கடிதம். ஒன்று: சாலை புதர்க்காட்டைச் சுற்றி வளையும். இரண்டு: கவனக்குறைவான ஆய்வுக்காக எனக்கு எச்சரிக்கை. இரண்டையும் ஒரே உறையில் அனுப்பியிருக்கிறார்கள்.

வந்த மூன்றையும் பதினோராம் தேதியே புதரில் விட்டுவிட்டேன். அவற்றுக்கு ஆயுசு மொத்தமே ஒரு வாரம்தான். மாதக்கணக்கில் காத்திருந்து ஒரு வாரம்.

ஜூன் 25

ஐந்தாம் நம்பரை இனி நனைக்கப்போவதில்லை. எறும்புப் புற்றின் ஓரம் புதைத்து, ஒரு விரற்கடை மண் மூடி, மேலே வலைக்கூண்டு கவிழ்த்துவிட்டு வந்தேன். பதிவேட்டில் 'இறந்தது' என்பதை அடித்துவிட்டு, 'தெரியாது' என்று எழுதினேன்.

கூலரைச் சரிசெய்யச் சொன்னேன். நாளைக்கு வருகிறாராம்.

நவம்பர் 2, மறு வருடம்

மூன்று நாள் முன்பு மழை. ஐந்தாம் நம்பரைப் புதைத்துப் பதினாறு மாதம் கழித்து முதல் மழை. புதர்க்காட்டுக்குப் புதுச் சாலையில் பஸ்ஸில் போனேன். அக்காவும் வந்தாள். தான் லீவு போட்டு வந்து நின்று காட்டினால்தான் எனக்கு அந்தப் பிரசவக் கணக்கு உறைக்கும் என்றாளே தவிர, பூச்சி பார்க்க வந்ததாக ஒப்புக்கொள்ளவில்லை. வழியில் நாளைக்கு ஏறினார், வீட்டுக்குப் போகிறார். ஒரே பஸ், நாற்பது நிமிடம். வளைவுக்காக அஞ்சு நிமிடம் கூட என்று கடிகாரத்தைக் காட்டினார்.

எந்த நிறுத்தம் என்று கண்டக்டர் கேட்டார். புதர்க்காடு என்றேன். அவருக்குப் புரியவில்லை. பெயர்ப்பலகை இன்னும் வைக்கவில்லை. சாலை வளையும் இடம் என்றேன்.

"ஓ, அந்த அம்மா ஒதுங்கின வளைவா?" என்றார்.

டிரைவர், லாரிக்காரர்கள், அக்கரை ஊர் முழுக்க அப்படித்தான் சொல்கிறார்களாம். எந்த அம்மா என்று கண்டக்டருக்குத் தெரியாது. நாளைக்கு ஜன்னலுக்கு வெளியே தீவிரமாகப் பார்க்க ஆரம்பித்தார். அக்கா என்னைப் பார்த்தாள்.

"ஆமா, அங்கதான். ரெண்டு டிக்கெட்" என்றேன்.

இறங்கி நடந்தோம். புதர் முழுக்க மொட்டு. வலைக்கூண்டின் பக்கத்தில் உட்கார்ந்தேன், இந்த முறை பார்க்கத்தான். கூண்டுக்குள் மண்ணில் ஒரு சின்னப் பிளவு. பக்கத்தில் கண்ணாடிக் காகிதம் மாதிரி ஒரு தோல். வலையின் உட்பக்கம், வெயில் பட்ட மூலையில், ஐந்தாம் நம்பர்.

கூண்டை நிமிர்த்தினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் பறந்து போனது. அக்கா சேலையை ஒதுக்கிக்கொண்டு என் பக்கத்தில் குந்தினாள். முட்டை எங்கே இருக்கும், காட்டு என்றாள்.